சொம்பைத் தூக்கும் நெல்மணிகள்

பொங்கல் விழா, விடுதி நாள், மன்றத் தொடக்க விழா என்று ஏதாவது ஒன்று வந்துவிட்டால் மாணவர்கள் சிலர் என்னைத் தேடி வருவார்கள். மேடையில் நாலு மந்திர வித்தைகள் செய்து காட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வரும்போதே கையில் ஒரு வித்தைப் புத்தகம் இருக்கும். புரட்டினால் நீளத் தொப்பி, தொப்பிக்குள் முயல், ஒயின் கோப்பை, சீட்டுக்கட்டு. "சார், இதையெல்லாம் நம் ஊர்ப் பாணியில் மாற்றிச் செய்ய முடியாதா? தொப்பியோடு போய் நின்றால் எங்கள் தாத்தாவே சிரிப்பார்" என்று சென்ற ஆண்டு ஒருவன் கேட்டான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன். பொங்கல் விழாவுக்குத் தொப்பி ஒட்டாதுதான்.

முடியும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடையை மாற்றுவது எளிது. பாத்திரத்தை மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். எந்தப் பொருளை மாற்றலாம், எதை மாற்றினால் வித்தையே படுத்துவிடும் என்பது, அந்த வித்தை ஏன் நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும். இதை நான் முந்நூறு பேர் முன்னிலையில் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பிறகு.

உடையை மாற்றிப் பெரும் பெயர் பெற்றவர் வங்காளத்து மந்திரவாதி பி. சி. சர்க்கார் (1913–1971). மேலை நாட்டு மேடை வித்தைகளையே அவர் மகாராஜா உடையும் தலைப்பாகையுமாக 'இந்திரஜால்' என்ற பெயரில் உலகெங்கும் நிகழ்த்தினார். 1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுப்பதுபோல் காட்டினார். அவளை எழுப்பிக் காட்டுவதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. பெண் இறந்தே போனாள் என்று நம்பிய நேயர்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசித் தீர்த்துவிட்டார்கள்! அவரது நிகழ்ச்சியில் ஒரு சொம்பும் இடம்பெறும். அதிலுள்ள நீரை முழுவதும் கொட்டிக் கவிழ்த்துக் காட்டுவார். சிறிது நேரம் கழித்து அதே சொம்பிலிருந்து மீண்டும் நீர் கொட்டும். அத்தகைய சொம்புக்கு இரண்டு சுவர்கள் உண்டு. இடையிலுள்ள நீர், காற்றுத் துளையை விரலால் மூடியிருக்கும்வரை வெளியே வராது. இளநீரில் ஒரே ஒரு சிறு துளை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். நீர் சொட்டுச் சொட்டாகத் தயங்கும். இன்னொரு துளை போட்டுக் காற்றுக்கு வழிவிட்டால் தடையின்றிக் கொட்டும். வித்தை அவ்வளவே.

அதற்காக வித்தைகள் எல்லாம் மேற்கிலிருந்து வந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். நம் மொழியில் 'செப்பிடு வித்தை' என்ற சொல்லே இருக்கிறது. செப்பு என்பது சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து, உள்ளே வைத்த உருண்டையை இடம் மாற்றும் வித்தைக்கு வழங்கிய பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ரேமோ சாமி' என்று அச்சிட்ட விளம்பரங்களுடன் ஓர் இந்திய வித்தைக்காரர் லண்டன் மக்களை வாய் பிளக்க வைத்தார். பெயரைப் பார்த்தால் நம் பக்கத்து ராமசாமியாகத்தான் இருக்கவேண்டும்.

முதலில் எளிதாக மாறக்கூடிய இரண்டைப் பார்ப்போம்.

'நீரை ஒயின் ஆக்குவது' பழைய வித்தை. நிறமற்ற பினாப்தலீன் கரைசலைக் காரம் தடவிய கோப்பையில் ஊற்றினால் இளஞ்சிவப்பாகும். நம் வீட்டு விழாவில் ஒயினுக்கு வேலையில்லை. ஆனால் இதே வேதியியல் நம் வீட்டு வாசலில் காலங்காலமாக நடக்கிறது. ஆலத்தி கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் குருதிச் சிவப்பு. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் இருக்கும். ஆகவே ஒரு பித்தளை டம்ளரின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாதபடி சுண்ணாம்பைத் தடவி வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க மஞ்சள் நீரை அதில் ஊற்றுங்கள், சிவக்கும். அந்தச் சிவப்பு நீரை, அடியில் எலுமிச்சைச் சாறு உள்ள இன்னொரு டம்ளரில் ஊற்றுங்கள், மறுபடி மஞ்சள். சுண்ணாம்புக்குப் பதிலாகச் சமையல் சோடாவைப் போட்டால் மங்கிய நிறந்தான் கிடைக்கும். அதன் காரத்தன்மை போதாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரும் தீங்கு. அந்த நீரைக் குடிக்கவும் கூடாது. இந்த இரண்டையும் மறக்கவேண்டாம்.

அடுத்தது, நம் நாட்டில் முன்பே மாறிவிட்ட ஒன்று. கிரேக்கர்கள் சொல்லும் ஒரு கோப்பையில் ஓர் அளவுக்கு மேல் பானம் ஊற்றினால் முழுவதும் அடியிலுள்ள துளை வழியே ஒழுகிப்போய்விடும். பேராசைக்காரனைத் தண்டிக்கும் கோப்பை என்று கதை. நம்மவர்கள் இதையே வசுதேவர் கிண்ணமாக்கினார்கள். கிண்ணத்தின் நடுவே குழந்தைக் கண்ணனைத் தூக்கி நிற்கும் வசுதேவர். ஊற்ற ஊற்ற யமுனை உயரும். குழந்தையின் பாதத்தைத் தொட்டதும் வெள்ளம் வடிந்துவிடும். உருவத்துக்குள் ஒளிந்திருப்பது ஒரு வளைந்த குழாய். நீர்மட்டம் வளைவின் உச்சியைத் தாண்டியதும் குழாய் நிரம்பி, வடிகுழாயாக வேலை செய்யத் தொடங்குகிறது. பிறகு உட்புறத்துக் குழாய்முனை வெளியே தெரியும்வரை நீர் நிற்காமல் வெளியேறும்.

ஒரு பிளாஸ்டிக் டம்ளர், வளையக்கூடிய உறிஞ்சுகுழல் ஒன்று, துளையை அடைக்கப் பசை ஆகியவை போதும். குழலின் ஒரு கால் டம்ளரின் அடியைத் தொட்டும் தொடாமலும் உள்ளே நிற்கட்டும். மறுகால் அடித்துளை வழியே வெளியே இறங்கட்டும். வளைவு விளிம்புக்குக் கீழே இருக்கவேண்டும், வெளிமுனை உள்முனையைவிடத் தாழ்ந்திருக்கவேண்டும். இந்த இரண்டை மட்டும் மாற்றக்கூடாது. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். என் மாணவி ஒருத்தி டம்ளரின் சுவரில் பதினெட்டுப் படிகள் வரைந்தாள். நீர் பதினெட்டாம் படியைத் தொட்டதும் வடிந்தது. ஆடிப் பதினெட்டு! வசுதேவரும் இல்லை, யமுனையும் இல்லை, காவிரியே வந்துவிட்டாள்.

கவனித்தீர்களா? இந்த இரண்டு வித்தைகளிலும் வெளித்தோற்றத்தை மாற்றினோம். உள்ளே வேலை செய்யும் பொருளைத் தொடவில்லை, அல்லது அதற்கு ஈடான ஒன்றை அறிந்து வைத்தோம். நான் தடுக்கி விழுந்தது மூன்றாவது வித்தையில்.

அரிசியும் கத்தியும்

ஒரு பாத்திரம் நிறைய அரிசி. அதில் கத்தியை நுழைத்துத் தூக்கினால் பாத்திரமே மேலே வரும். இது நம் நாட்டுத் தெருவித்தைக்காரர்கள் சொம்பை வைத்துச் செய்துவந்த வித்தை. மேலை நாட்டார் கண்ணாடி ஜாடியில் அரிசியைப் போட்டுத் தங்கள் பாடப் புத்தகங்களில் உராய்வுக்கு எடுத்துக்காட்டாக்கிவிட்டார்கள். நான் படித்தது அந்த ஜாடியைத்தான். நெல் விளையும் நாட்டில் அரிசிக்கா பஞ்சம் என்று, பத்தாண்டுகளுக்கு முன் ஒரு விழா மேடையில் துணிந்து இறங்கினேன். வீட்டிலிருந்து ஒரு வாயகன்ற எவர்சில்வர் சம்படம், நன்றாகத் தீட்டிய புழுங்கல் அரிசி, பளபளக்கும் எவர்சில்வர் கத்தி. புத்தகத்தில் சொன்னபடி பல முறை குத்தினேன். சிறு சொற்பொழிவு ஒன்றும் ஆற்றினேன். தூக்கினேன். கத்தி மட்டும் வந்தது. மறுபடி குத்தினேன். மறுபடியும் கத்தி மட்டும். மூன்றாம் முறை முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், அரிசி இன்னும் வேகலை!"

அன்று இரவு சமையலறையில் உட்கார்ந்து, பரணிலிருந்த பழைய பித்தளைச் சொம்பை இறக்கினேன். கத்தி வேண்டாமென்று மத்தை எடுத்தேன். மத்தைத் தலைகீழாகப் பிடித்து அதன் மரக்காம்பை அரிசிக்குள் நுழைத்தேன். (நீங்களும் கத்தியைத் தொடவேண்டாம்; மத்துக் காம்பே மேல்.) மெல்ல அழுத்தி எடுத்து, சொம்பைத் தரையில் தட்டி, அரிசி இறங்கியதும் மேலும் நிரப்பி, மறுபடி அழுத்தி எடுத்து, இருபது முப்பது முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் காம்பு முன்னைவிடச் சிரமப்பட்டு இறங்கியது. கடைசியில் ஓங்கி ஆழமாக இறக்கிவிட்டு, மெல்லச் செங்குத்தாகத் தூக்கினேன். சொம்பு தரையைவிட்டு எழுந்தது. மத்தின் கீழ் அது தொங்குவதைப் பார்த்த மகிழ்ச்சியில் வீட்டாரை எழுப்பியதும், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதும் தனிக்கதை.

ஏன் மேடையில் தோற்று வீட்டில் வென்றது? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

என் சொம்பின் எடை 420 கிராம். உள்ளே பிடித்த பச்சரிசி 680 கிராம். மொத்தம் 1.1 கிலோ. தூக்குவதற்கு ஏறக்குறைய 11 நியூட்டன் விசை வேண்டும். காம்புக்கும் அரிசிக்கும் இடையிலுள்ள உராய்வுதான் இதைத் தரவேண்டும். உராய்வுக் கெழுவை 0.4 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அரிசி எல்லாப் பக்கத்திலிருந்தும் காம்பை அழுத்தும் விசையின் கூடுதல் 11-ஐ 0.4-ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 27.5 நியூட்டன். காம்பின் விட்டம் 2 செ.மீ., அரிசிக்குள் இருக்கும் நீளம் 11 செ.மீ. அரிசி தொடும் பரப்பு சுமார் 69 சதுர செ.மீ. ஆகவே அழுத்தம் ஏறத்தாழ 4,000 பாஸ்கல். 40 செ.மீ. உயரமுள்ள நீர்த்தூண் தன் அடியில் தரும் அழுத்தம் இது.

இந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது? அரிசியின் சொந்தப் பாரத்தால் வந்திருக்குமா? 11 செ.மீ. ஆழத்தில், சுவர் சிறிதும் தாங்கவில்லை என்றே கொண்டாலும், கீழ்நோக்கிய அழுத்தம் 860 பாஸ்கலைத் தாண்டாது. சராசரி அதில் பாதி. பக்கவாட்டில் அழுத்துவது அதிலும் ஒரு பகுதிதான். 200 பாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியதில் இருபதில் ஒரு பங்கு! ஆகவே அரிசியில் கம்பைச் சும்மா செருகினால் வராது. மீதி அழுத்தத்தை நாம்தான், குத்திக் குத்தி, உள்ளே சேமித்து வைக்கிறோம்.

அரிசியை அளவில்லாமல் சொரிந்தால் மணிகள் தாறுமாறாக விழுந்து, இடையிடையே பெரிய இடைவெளிகளை விட்டு நிற்கும். ஒவ்வொரு குத்தும் சில மணிகளை அந்த இடைவெளிகளுக்குள் தள்ளுகிறது. ஒரு கட்டத்தில் போக இடமில்லை. மணிக்கு மணி முட்டுக் கொடுத்து, காம்பிலிருந்து சொம்பின் சுவர் வரை விசைச் சங்கிலிகள் உண்டாகின்றன. இப்போது காம்பை மேலே இழுத்தால் அதை ஒட்டிய மணிகளும் மேலே நகர முயல்கின்றன. நெருங்கி அடுக்கப்பட்ட மணிகள் ஒன்றையொன்று தாண்டி நகரவேண்டுமானால், ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி இறங்கவேண்டும். அதற்குக் கூட்டம் முழுவதும் சிறிது விரிந்தாக வேண்டும். சொம்பின் சுவர் விரிய விடாது. ஆகவே அழுத்தம் இன்னும் கூடுகிறது, பிடி இறுகுகிறது. இழுக்க இழுக்க இறுகும் பிடி!

நெருங்கிய மணிகள் நகரும்போது விரியும் என்ற இந்த உண்மையை 1885-இல் எடுத்துச் சொன்னவர் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. நீங்கள் நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தால் இதைக் காலடியிலேயே பார்த்திருப்பீர்கள். அலை அப்போதுதான் வடிந்த ஈரமணலில் காலை ஊன்றினால், பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று காய்ந்து வெளுக்கும். மிதித்தால் நீர் மேலே பிதுங்கவேண்டாமா? பிதுங்குவதில்லை. அழுத்தம் பட்ட மணல் விரிகிறது; இடைவெளி கூடுகிறது; மேலே இருந்த நீர் அதற்குள் இறங்கிவிடுகிறது.

இனி என் மேடைத் தோல்விக்கு வருவோம். சம்படத்தின் வாய் அகன்றது. மேலே மூடியும் இல்லை. மணிகள் விரிய நினைத்ததும் மேல்புறமாகத் தாராளமாக எழும்பிவிட்டன. சொம்புக்கோ கழுத்துக் குறுகல். மேலே வர முயலும் அரிசி அந்தக் குறுகலில் முட்டித் தானே ஆப்பாகிறது. கத்தியோ மெல்லிய, வழுக்கும் தகடு. ஆக, புத்தகம் சொன்ன 'ஜாடி' என்ற சொல்லில் அதன் குறுகிய கழுத்துத்தான் முக்கியம் என்பது எனக்கு உறைக்கவில்லை. தெருவில் வித்தை காட்டியவர்கள் சொம்பை விட்டு வேறு பாத்திரத்தைத் தேடாதது சும்மா இல்லை.

அரிசிக்குப் பதில் நெல்லைப் போட்டால் என்ன? இன்னும் நன்றாக வரும். நெல்லின் உமி சொரசொரப்பானது; உராய்வு கூடுதல். அதோடு ஒரே கொள்ளளவுக்கு நெல் அரிசியைவிட எடை குறைவு. தூக்கவேண்டிய பாரமும் குறைகிறது, பிடியும் கூடுகிறது. பொங்கல் மேடையில் புது நெல் நிறைந்த சொம்பு பார்க்கவும் அழகாக இருக்கும்.

2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதே தத்துவத்தில் ஓர் எந்திரக் கை செய்தார்கள். அதற்கு விரல்களே கிடையாது. காபித் தூள் நிரப்பிய ஒரு ரப்பர் பை, அவ்வளவுதான். பையைப் பொருளின் மேல் அழுத்தினால் தூள் இளகி அதன் வடிவத்தைச் சுற்றிக் கொள்கிறது. பிறகு பையிலுள்ள காற்றை உறிஞ்சினால் தூள் இறுகிக் கல்லாகி, பொருளைக் கவ்விக்கொள்கிறது. காற்றை உள்ளே விட்டால் விட்டுவிடுகிறது. முட்டையைக்கூட உடையாமல் தூக்கியது. கும்பகோணத்துக் காபிப் பொடியை வைத்து இதை யாராவது பலூனில் செய்து பார்க்கலாம்.

படியைத் தட்டினால்

குலுக்கினால் மணிகள் நெருங்கும் என்பது நம் டெல்டாவில் வெறும் வித்தையாக இருந்ததில்லை. நெல்லைப் படியாலும் மரக்காலாலும் அளந்த காலத்தில் அது வயிற்றுப் பிரச்சினை. ஒரு படி அரிசியை மெல்லச் சொரிந்து தலை தட்டுங்கள். பிறகு படியைத் தரையில் முப்பது முறை தட்டுங்கள். என் வீட்டு அரிசி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கியது. அந்த இடத்தை நிரப்பி மறுபடி தலை தட்டினால், அளவு அதே 'ஒரு படி'; ஆனால் உள்ளே இருப்பது கூடுதல். குத்தகை நெல்லை வாங்குகிறவர் குலுக்கி அளந்தால் அவருக்கு லாபம். கூலி நெல்லைக் கொடுக்கிறவர் சொரிந்து அளந்தால் அவருக்கு லாபம். அளக்கும் கை யாருடையது என்பதைப் பொறுத்து ஒரே படி இரண்டு படியாகிறது. இதைவிடப் பெரிய கண்கட்டு வித்தை வேறென்ன? 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் எடைகள் வந்தன. நிறுத்து வாங்கினால் குலுக்கி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நிறுவையில் ஈரம் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கிறார்கள்.

பத்தாயத்துக்குள்

சொம்புக்குள் மத்தைப் பிடித்த விசை எவ்வளவு கடுமையானது என்பதை நான் மேடையில் அல்ல, சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். அப்போது அதற்குப் பெயர் தெரியாது.

எங்கள் தாத்தா வீட்டில் ஆளுயரத்துக்கும் மேலான மரப் பத்தாயம் ஒன்று இருந்தது. மேலே திறந்து நெல் கொட்டுவார்கள். கீழே சிறு வாயைத் திறந்து எடுப்பார்கள். ஒரு விடுமுறையில் என் சித்தப்பா மகன் விளையாட்டாக மேலிருந்து உள்ளே குதித்தான். முழங்கால் வரை புதைந்தான். வெளியே வர உதறினான். உதற உதற இடுப்பு வரை போய்விட்டது. பெரியவர்கள் இருவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். தோள் கழன்றுவிடும் போல் அலறினானே தவிர ஓர் அங்குலம் வரவில்லை. நெல்லைக் குறைத்தால் வந்துவிடுவான் என்று எண்ணி யாரோ கீழ் வாயைத் திறந்துவிட்டார்கள். நெல் சரசரவென்று இறங்க, அவனும் கூடவே இறங்கினான். நெல் மார்பைத் தொட்டுவிட்டது. களத்து வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஓடிவந்து, "வாயை மூடுங்க! கையை விடுங்க!" என்று சத்தம் போட்டார். இரண்டு பலகைகளை உள்ளே போட்டு, அவற்றின் மேல் படுத்து, இன்னொரு பலகையை அவன் பக்கத்தில் நெல் சரியாதபடி செருகி, முறத்தால் அவனைச் சுற்றிய நெல்லை அள்ளி அள்ளி வெளியே போட்டார். அரைமணி நேரம் ஆயிற்று. கால்கள் வெளியே வந்ததும் அவன் தானாக ஏறி வந்துவிட்டான்.

அந்தப் பெரியவர் செய்த ஒவ்வொன்றும் சரி. புதைந்த உடல்தான் மத்து. சுற்றியுள்ள நெல்தான் சொம்பு அரிசி. இழுக்க இழுக்க இறுகும். மார்பு வரை புதைந்த ஒருவரை இழுத்தெடுக்க அவருடைய எடையைப்போலப் பல மடங்கு விசை வேண்டும். அதற்கு முன் உடல் தாங்காது. மூச்சு விடும்போது சுருங்கும் மார்பைச் சுற்றி நெல் சரிந்து நிரம்பிவிடும். அடுத்த மூச்சுக்கு இடம் விடாது. கீழ் வாயைத் திறந்தால் நெல் முழுவதும் சமமாக இறங்குவதில்லை. வாய்க்கு மேலாக உள்ள பகுதி முதலில் இறங்கி, மேற்பரப்பில் குழி விழுந்து, அங்கிருப்பவரையும் உள்ளே இழுக்கும். இன்று அமெரிக்கப் பண்ணைகளில் பெரிய தானியக் கிடங்குகளில் சிக்கியவர்களை மீட்க, அவர்களைச் சுற்றித் தகடுகளைக் குழாய்போல் செருகி, உள்ளிருக்கும் தானியத்தை மட்டும் அள்ளி எடுக்கிறார்கள். பலகையும் முறமும்தான், வடிவம் வேறு.

தானியக் கிடங்கின் அழுத்தத்தை 1895-இல் ஆராய்ந்து வெளியிட்டவர் ஜான்சன் என்ற ஜெர்மானியப் பொறியாளர். தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக் கூட அடியழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியத்தில் அப்படி இல்லை. ஆழம் அகலத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கைத் தாண்டியபின் அடியழுத்தம் அநேகமாக மாறுவதில்லை. மேலே சேரும் பாரத்தை உராய்வின் மூலம் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. பழைய குதிர்களின் அடிவாயை ஒரு துணிப்பந்தால் அடைத்துவைக்க முடிந்தது இதனால்தான். தண்ணீராக இருந்தால் துணி நிற்குமா? வாயைத் திறந்தாலும், குதிர் முக்கால் நிறைந்திருந்தாலும் கால் பங்கே இருந்தாலும் நெல் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் விழும். மணற்கடிகாரம் நேரம் காட்டுவதும் இதை நம்பித்தான். ஆனால் வாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் ஒழுக்கு ஐந்து மடங்குக்கும் மேலாகிவிடும். காகிதப் புனல் இரண்டு செய்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேழ்வரகை ஒழுகவிட்டு அளந்து பாருங்கள்.

பத்தாயங்கள் பெரும்பாலான வீடுகளில் இன்று இல்லை. அரைவை ஆலைகளிலும் கிடங்குகளிலும் நெல் மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதன் மேல் ஏறி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தால் இறங்கச் சொல்லுங்கள்.

சொம்புக்குத் திரும்புவோம். கைதட்டல் ஓய்ந்ததும் மேடையில் ஒரு தொல்லை காத்திருக்கும். இறுகிப்போன மத்து வெளியே வராது. என் மாணவர்களில் ஒருவன் சொம்பைக் காலுக்கிடையில் பிடித்துக்கொண்டு இழுத்துப் போராடி, ஒரே இழுப்பில் பாதி நெல்லை மேடையில் சிதறவிட்டான். இழுக்கவே கூடாது. மத்தை இரு கைகளாலும் பிடித்துக் கடைவதுபோல் இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே மெல்ல உயர்த்துங்கள். உராய்வு எப்போதும் நகரும் திசைக்கு எதிராகத்தான் செயல்படும். காம்பு சுழலும்போது அதன் பெரும்பகுதி சுழற்சியை எதிர்ப்பதிலேயே செலவாகிவிடும். மேலே வருவதைத் தடுக்க மிஞ்சுவது சிறிதுதான். இறுகிய மோதிரத்தைப் பாட்டி எப்படிக் கழற்றினார் என்று நினைத்துப் பாருங்கள். அப்படித்தான்.

நெல்லைக் கொட்டியபின் சொம்பைத் துடைத்து உலர வைத்துவிடுங்கள். அடியில் தங்கிய நாலு மணி, ஈரம் பட்டால் மூன்றாம் நாள் முளைவிடும்.